பூஸ்ட் எங்கே போனது? சூப்பர்சார்ஜர் காரில் காற்றைத் தேடும் வேலை

லோட்டஸ் எக்ஸீஜ் எஸ் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் வந்தது, இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஹெத்தல் என்ற ஊரில் செய்தது. எடை ஒரு டன்னைத் தொடாது. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் டொயோட்டாவின் 1.8 லிட்டர் எஞ்சின், அதோடு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் ஈட்டன் எம்62 சூப்பர்சார்ஜர். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்ததும் பூஸ்ட்டை, அதாவது இந்தக் கூடுதல் காற்றின் அழுத்தத்தை, காட்டும் கேஜின் முள் சுமார் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏறும். ஒருநாள் அது 4இலேயே நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் ஓடுகிறது, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை, ஆனால் ஆளை சீட்டோடு சேர்த்து அழுத்தும் அந்த இழுவை இல்லை.

இந்த இடத்தில் "சூப்பர்சார்ஜர் போச்சு" என்று முடிவுகட்டி, இருப்பதிலேயே விலை கூடிய பாகத்தை முதலில் கழற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சந்தேகப் பட்டியலில் அது கடைசியில் வர வேண்டியது. ஏன் என்று தெரிய, அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை வாங்கிய காற்றூதும் இயந்திரம்தான் இதன் மூலம். அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊத இந்த வகை இயந்திரம் பயன்பட்டது. ஒரு கூட்டுக்குள் இரண்டு உருளைகள், ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் புகுந்தபடி எதிரெதிராகச் சுழலும், ஆனால் ஒன்றையொன்று தொடாது. ஒரு பக்கம் காற்றை வாரி மறுபக்கம் தள்ளும், அவ்வளவுதான். உள்ளே அது காற்றை அழுத்துவதே இல்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அழுத்தம் உருவாவது வெளியே, எஞ்சினின் வாசலில், தள்ளிவிட்ட காற்று முழுவதையும் எஞ்சின் விழுங்க முடியாமல் நெரிசல் ஆகும்போது.

கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும். எம்62 என்ற பெயரில் உள்ள 62, ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றின் கன அங்குல அளவு. நம் கணக்கில் ஏறக்குறைய 1 லிட்டர். 1.8 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் இழுக்கும், ஆக ஒரு சுற்றுக்கு 0.9 லிட்டர். எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது பெல்ட்டும் அது ஓடும் சக்கரமான புல்லியும் சூப்பர்சார்ஜரை ஒன்றரை சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே வருவது 1.5 லிட்டர், எடுக்க முடிந்தது 0.9. மிச்சம் சேர்ந்து நெரிவதைத்தான் கேஜ் பூஸ்ட் என்று காட்டுகிறது.

அப்படியென்றால் கேஜ் காட்டுவது எஞ்சினுக்குள் போன காற்றின் அளவை அல்ல, போக முடியாமல் நின்ற காற்றின் நெரிசலை. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, சோதனைக்கு வருவோம். கேஜே பொய் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குப் போகும் மெல்லிய குழாயில் ஒரு விரிசல் இருந்தாலே போதும், எஞ்சின் நன்றாக இருக்கும், முள் மட்டும் படுத்துவிடும். மானிபோல்டில், அதாவது எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், அழுத்த சென்சார் உள்ள கார் என்றால் அதன் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்க்கலாம்; கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்ட வேண்டும். உயரமும் கணக்கில் வரும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே கால்பங்குக்கு மேல் குறைவு. சூப்பர்சார்ஜர் இருக்கிற காற்றை அதே விகிதத்தில்தான் பெருக்கும், ஆகவே கீழே 7 காட்டிய கேஜ் அங்கே 5 பக்கம்தான் காட்டும். அது பழுதே இல்லை.

அப்புறம், காரை நிறுத்தி வைத்து ஆக்சிலரேட்டரை முறுக்கி எதையும் கண்டுபிடிக்க முடியாது. சுமை இல்லாத எஞ்சின், காற்று நுழையும் கதவான த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்தாலே சீறிவிடும், அந்த நேரத்தில் பூஸ்ட்டே உருவாகாது. காரை நின்ற இடத்திலேயே சுமையோடு ஓட்டிப் பார்க்கும் டைனோவிலோ, பந்தயத் தடத்திலோ, மூன்றாம் கியரில் 2500 ஆர்பிஎம்மிலிருந்து முழு மிதியில் மேலே வரை ஒரே இழுப்பாக இழுத்து, ஆர்பிஎம்முக்கு எதிராகப் பூஸ்ட்டைப் பதிவுசெய்ய வேண்டும். நமக்குத் தேவை ஒரு எண் அல்ல, ஒரு கோடு. கார் நன்றாக இருந்தபோது எடுத்த கோடு கைவசம் இருந்தால் அதைவிட உதவி வேறில்லை.

குறைபாடு கோட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறதா, மேல்பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் பாதிக் காரணங்களைத் தள்ளிவிடலாம்.

சூப்பர்சார்ஜரிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு ஓட்டை, அதன்வழியே வினாடிக்கு 10 லிட்டர் காற்று வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்குப்படி 2500 ஆர்பிஎம்மில் சூப்பர்சார்ஜர் தருவது வினாடிக்கு சுமார் 62 லிட்டர். ஆறில் ஒரு பங்கு வீண். 7500இல் அது 187 லிட்டர் தருகிறது, அதே ஓட்டை இப்போது இருபதில் ஒரு பங்கைத்தான் திருட முடியும். ஆகவே ஒழுக்கு என்றால் அடி கீழ் வேகத்தில் பலமாக விழும், மேலே போகப்போக கோடு பழைய கோட்டை நெருங்கும். உருளைகள் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும், அதன்வழியே காற்று பின்னோக்கிக் கசிவதால், இதே வடிவம்தான் வரும்.

பெல்ட் வழுக்கல் இதற்கு நேர் எதிர். 3000, 4000 வரை எல்லாம் சரியாக இருக்கும், பிறகு கோடு தட்டையாகும் அல்லது கீழே சாயும். அரை பார் (சுமார் 7 பிஎஸ்ஐ) பூஸ்ட்டில் 7000 ஆர்பிஎம்மில் சூப்பர்சார்ஜரைச் சுற்ற மட்டும் சுமார் 9 கிலோவாட், அதாவது 12 குதிரைத்திறன் தேவை, உராய்வு தனி. அத்தனையும் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத்தான் போகிறது. வேகம் கூடக்கூட பெல்ட் புல்லியைவிட்டு வெளியே விலகப் பார்க்கும், பிடிமானம் குறையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தால் அங்கேயே வழுக்கத் தொடங்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் ரப்பரின் முகம் கண்ணாடிபோல் மழமழப்பாகி மறுபடியும் வழுக்கல். புல்லியைச் சுற்றி கரும்பொடி, கருகிய ரப்பர் வாடை, எங்கிருந்தோ கசிந்த ஆயில் அல்லது கூலன்ட் ஈரம் எல்லாமே தடயங்கள். புது பெல்ட் போட்டும் ஒரே மாதத்தில் திரும்ப வழுக்கினால் டென்ஷனரைத்தான் மாற்ற வேண்டும்.

அடைபட்ட ஏர் ஃபில்டரும் மேல் வேகத்தில்தான் குறையைக் காட்டும், ஏனென்றால் காற்றோட்டம் இரு மடங்கானால் தடையால் இழக்கும் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம். அதை முதலில் செய்துவிடுங்கள்.

இன்னொரு முக்கியமான சந்தேக ஆள் பைபாஸ் வால்வு. மெதுவாக ஓட்டும்போது பூஸ்ட் தேவையில்லை, அதனால் சூப்பர்சார்ஜர் தள்ளிய காற்றை மறுபடி அதன் வாய்க்கே திருப்பிவிடுவது இதன் வேலை. ஈட்டன் அமைப்பில், த்ராட்டில் மூடியிருக்கையில் எஞ்சின் பக்கம் உருவாகும் வெற்றிடம் ஒரு டயாஃப்ரமை (வளையும் சவ்வை) இழுத்து வால்வைத் திறக்கும். முழுசாக மிதித்தால் வெற்றிடம் போய்விடும், ஸ்ப்ரிங் அதை மூடும். வெற்றிடக் குழாய் அறுந்தால் வால்வு மூடியே கிடக்கும். அதனால் பூஸ்ட் போகாது. சத்தமும் சூடும் கூடும், பெட்ரோல் வீணாகும். பூஸ்ட்டைத் தின்பது திறந்த நிலையில் சிக்கிக்கொண்ட வால்வு, அல்லது தளர்ந்த ஸ்ப்ரிங். ஒருவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வால்வின் கம்பியையே பாருங்கள்: ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, இழுபட வேண்டும், அணைத்ததும் டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். அரைகுறையாக நின்றால் அழுக்கும் ஆயில் பிசுக்கும் ஏறியிருக்கும்.

பாதி திறந்த பைபாஸும் வெளி ஒழுக்கும் கோட்டில் ஒரே மாதிரி தெரியும். பிரித்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. பைபாஸில் காற்று உள்ளேயே சுற்றுகிறது, எங்கும் தொலைவதில்லை, அதனால் பெட்ரோல் கலவை கெடாது. உள்ளே வரும் காற்றை வாயிலிலேயே அளக்கும் காரில் ஹோஸ் ஓட்டை என்றால், அளந்த காற்றில் ஒரு பகுதி பூஸ்ட்டில் வெளியே போய்விடும், பெட்ரோல் கூடிப்போய் கலவை கெட்டியாகும். அதே ஓட்டை ஐடிலில், வெற்றிடம் இருக்கையில், அளக்காத காற்றை உள்ளே உறிஞ்சும், கலவை மெலியும். ஐடிலில் மெலிவு, முழு மிதியில் கெட்டி என்று ஸ்கேனர் சொன்னால் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு இணைப்பு இணைப்பாகத் தேட வேண்டியதுதான்.

கேஜ் நெரிசலைத்தான் காட்டுகிறது என்றேன் அல்லவா? அதனால் இன்னொரு விசித்திரமும் நடக்கும். இந்த எஞ்சினில் 6000 ஆர்பிஎம் தாண்டியதும் வால்வுகளை அதிகம் திறக்கும் இரண்டாவது கேம் செயல்படும், அதை இயக்குவது ஆயில் அழுத்தம். அது செயல்படாவிட்டால் எஞ்சின் வாங்கும் காற்று குறையும், நெரிசல் கூடும், கேஜ் வழக்கத்தைவிட அதிகம் காட்டும், ஆனால் காரில் இழுவை இருக்காது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டாலும் அதுவும் இதையே செய்யும். பூஸ்ட் ஏறி சக்தி இறங்கினால் சூப்பர்சார்ஜர் பக்கமே போகாதீர்கள், எஞ்சினும் எக்ஸாஸ்ட்டும்தான் இடம்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் சூப்பர்சார்ஜர். பெல்ட்டைக் கழற்றி புல்லியைக் கையால் சுற்றுங்கள். சீராகச் சுற்ற வேண்டும், ஆட்டம் இருக்கக்கூடாது, கடகடப்பும் கூடாது. உருளைகளின் பூச்சில் கீறல் தெரிந்தால் பேரிங் போயிருக்கலாம்.

சரிசெய்த பிறகு அதே கியரில், முடிந்தால் அதே மாதிரி வெயிலில், இன்னொரு இழுப்பு இழுத்துப் பழைய கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். புது பெல்ட் போட்டபின் 7000இல் நிமிர்ந்து, 2500 பக்கம் மட்டும் இன்னும் தாழ்ந்தே கிடந்தால், பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு ஒழுக்கும் ஒளிந்திருக்கிறது. வயதான காரில் இரண்டும் சேர்ந்தே வரலாம்.