எழும்போது கை எங்கே போகிறது?

பிசியோதெரபிக்கு வரும் பெரியவர்களிடம் நான் முதலில் கவனிப்பது, நாற்காலியில் இருந்து எழும்போது அவர்கள் கை எங்கே போகிறது என்பதைத்தான். கைப்பிடியை அழுத்தாமல், தொடையில் ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் பெரும்பாலும் தொடைத் தசை வலுவிழந்திருக்கும். மூட்டுவலி என்றுதான் வருவார்கள். தசை கரைந்துகொண்டிருப்பது தெரியாது.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும் என்கிறது முதுமைத் தசை இழப்பு பற்றிய ஆசிய வல்லுநர் குழுவின் 2019 வரையறை. வீட்டிலேயே பார்க்கலாம். நாற்காலி சுவரோரம் இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

வயது ஒரு காரணம்தான். ஆனால் "நீங்க உட்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று பிள்ளைகள் பாசத்தோடு வாங்கிக்கொள்ளும் வேலைகளும் காரணம். துணி காயப்போடுவது, கடைக்குப் போவது, மாடிப்படி எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகும். ஆரோக்கியமான முதியவர்களைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோவை ஒட்டித் தசை குறைந்திருந்தது. காய்ச்சலுக்குப் படுத்த பெரியவர் எழுந்ததும் தள்ளாடுவது இதனாலும்தான். காய்ச்சல் விட்ட பிறகும் அவரைப் படுக்கையிலேயே வைத்திருக்காதீர்கள்.

அடுத்தது சாப்பாடு. பல் இல்லை, செரிக்காது என்று காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. வயிறு நிறையும், தசைக்கு ஒன்றும் போகாது. 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளைக்கு 60 கிராம் அளவுக்காவது புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். அதனால் கெட்டிப் பருப்பு, குழைய வேகவைத்த சுண்டல், தயிர், மீன் என்று மூன்று வேளையிலும் ஏதாவது சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

"இந்த வயசுல இனி என்ன?" என்பவர்களிடம் பாஸ்டன் முதியோர் இல்லத்து ஆய்வைச் சொல்வேன். 1990இல் வெளிவந்தது. சராசரி வயது 90. எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்ததில் அவர்கள் கால் வலிமை சராசரியாக இரண்டரை மடங்கைத் தாண்டியது.

நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. காலையும் மாலையும் 10 முறை எழுந்து உட்காருங்கள். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இதய நோய் உள்ளவர்களும் சமீபத்தில் விழுந்தவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். எழும்போது தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.