ஸ்டூடியோவைச் சுற்றிக் காட்டுவார்கள், நீங்கள் கேமரா பதிவேட்டைக் கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லை தாண்டி கோயம்புத்தூருக்கு அட்மிஷன் விசாரிக்க வருவது வழக்கம். தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வழிவிடும் மசோதா கேரள சட்டப்பேரவையில் நிறைவேறியதே 2025 மார்ச்சில்தான் என்பதும் இதற்கு ஒரு காரணம். விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன் என்று பெயர் எதுவானாலும், பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை ஒரே மாதிரிதான். பெரும்பாலான பெற்றோர் அவற்றைப் பார்ப்பதில்லை.

பச்சைத் திரை, வரிசையாய் விளக்குகள், டெலிபிராம்ப்டர். ஸ்டூடியோவில் இவற்றைப் பார்த்ததும் மனது நிறைந்துவிடும். நீங்கள் ஒரு கணக்குப் போடுங்கள். வகுப்பில் 60 பேர், கேமரா 6 என்றால் ஒரு கேமராவுக்கு 10 பேர். வாரம் 2 மணி நேரம் செய்முறை, ஒரு செமஸ்டருக்கு 15 வாரம், மொத்தம் 30 மணி நேரம். அதைப் பத்துப் பேருக்குப் பிரித்தால் ஒரு பிள்ளையின் கையில் கேமரா இருப்பது செமஸ்டர் முழுவதற்கும் 3 மணி நேரம். இதுவே நான்கு பேருக்கு ஒரு கேமரா என்றால் ஏழரை மணி நேரம். பத்துப் பேர் குழுவில் ஏற்கெனவே கேமரா தெரிந்த ஒருவர்தான் எப்போதும் ஷூட் பண்ணுவார், மற்றவர்கள் ரிஃப்ளெக்டர் பிடிப்பார்கள். அதனால் கருவிகள் வெளியே போய் வரும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மாணவர் எந்தத் தேதியில் கேமரா எடுத்தார், எப்போது திருப்பினார் என்பது அதில் இருக்கும். இரவில் தருகிறார்களா, சனி, ஞாயிறில் தருகிறார்களா, உடைந்தால் யார் பணம் கட்டுவது என்பதையும் கேளுங்கள். உடைந்தால் மாணவர் தலையில்தான் என்ற விதி இருக்கும் இடத்தில் பிள்ளைகள் பயந்து கேமராவையே எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது பாடத்திட்டம். ஒவ்வொரு தாளுக்கும் எதிரே எல்-டி-பி என்று மூன்று எண்கள் இருக்கும்: விரிவுரை, டுடோரியல், செய்முறை. விரிவுரை என்றால் வாரம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட், செய்முறை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். 'வீடியோ புரொடக்‌ஷன்' என்ற தாளுக்கு நேரே 4-0-0 என்று இருந்தால் அது பலகையில் வீடியோ படிக்கும் தாள். 3-0-2 என்றால் வாரம் இரண்டு மணி நேரம் செய்முறை. முதல் ஆண்டிலேயே செய்முறை தொடங்க வேண்டும். கடைசி செமஸ்டருக்கு என்று தள்ளிவைத்தால் பிள்ளை தப்புச் செய்து திருந்த நேரமே இருக்காது.

மாணவர் எடுத்த குறும்படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஹெட்போன் போட்டுப் பாருங்கள். பரிசு வாங்கிய படம் வேண்டாம், சாதாரண அசைன்மென்ட் போதும். படம் அழகாக இருக்கும், பேச்சுக்குப் பின்னால் மின்விசிறி இரைச்சல் கேட்கும். பேசுபவர் நிறுத்தியதும் இரைச்சல் மேலெழுந்தால் ஒலி அளவைக் கருவியே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினில் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். குரலின் உச்சத்தை மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் வைக்கச் சொல்லித்தர யாரும் இல்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் திரை பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டர் வேகத்தைக் கவனிக்கவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டரை 1/50 நொடியில் வைக்க வேண்டும். ஒலி, ஷட்டர் இந்த இரண்டும் அந்தப் படத்தில் சரியாக இருந்தால் அங்கே உழைக்கும் ஆசிரியர் ஒருவராவது இருக்கிறார் என்று நம்பலாம்.

அங்கீகாரத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இணையதளத்தில் நீங்களே பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் மாநிலச் சட்டப்படி அமைந்த தனியார் பல்கலைக்கழகங்களும் தனித்தனிப் பட்டியலில் இருக்கும். எல்லைப் பகுதியில் முக்கியமான ஆபத்து, வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில் டவுனில் நடக்கும் 'ஸ்டடி சென்டர்'. தனியார் பல்கலைக்கழகம் கல்லூரிகளை இணைக்கவோ வேறு இடத்தில் ஃபிரான்சைஸ் கொடுக்கவோ முடியாது. நீங்கள் சேரும் வளாகம் அங்கீகாரத்தில் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், நிறுவனம் வைத்துக்கொள்ள யுஜிசி அனுமதிப்பதில்லை. பணம் திரும்பப் பெறுவதற்கு ஆண்டுதோறும் அறிவிப்பு வரும். 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை விலகினால் முழுக் கட்டணம், அக்டோபர் 31 வரை விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம் என்றது. உங்கள் ஆண்டுக்கான அறிவிப்பைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

கடன் வாங்குகிறீர்கள் என்றால், 5 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 7 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 8,300 ரூபாய். படிக்கும் காலத்து வட்டியையும் கட்டாமல் விட்டால் இன்னும் கூடும். ஆரம்பச் சம்பளத்தோடு இந்தத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். வேலைவாய்ப்புப் பட்டியல் கேட்டால் இந்தத் துறை மட்டும், பதவியோடு வேண்டும். கால் சென்டர் வேலைகளும் சேர்ந்த மொத்தப் பட்டியல் உதவாது.

இன்னொன்று. கேரளச் சாதிச் சான்றிதழ் வைத்திருப்பவர் தமிழ்நாட்டில் வெளிமாநிலத்தவர்தான், இடஒதுக்கீட்டில் வர மாட்டார். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைச் சொந்த மாநிலத்திடம் கேட்க வேண்டும்.

எல்லைப் பிள்ளைகளின் பெரிய பலம் இரண்டு மொழி. ஒரு உதாரணம்: பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீரை மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விட வேண்டும். அந்தத் தண்ணீர்ச் செய்தி பொள்ளாச்சியில் எப்படி எழுதப்படுகிறது, பாலக்காட்டில் எப்படி எழுதப்படுகிறது என்று இரண்டு பத்திரிகைகளையும் வாசித்து, இரு பக்கத்து விவசாயிகளிடமும் அவரவர் மொழியில் பேசி ஒரு செய்தி எழுத வகுப்பில் வேறு யாரால் முடியும்? இறுதி ஆண்டு புராஜெக்ட்டை இரு மொழியில் செய்ய விடுவார்களா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். 'எல்லாம் இங்கிலீஷில்தான்' என்று பதில் வந்தால், அதை மற்ற கணக்குகளோடு சேர்த்து எடைபோடுங்கள்.

மலையாள மீடியத்தில் படித்து வீட்டில் மட்டும் தமிழ் பேசுபவர்கள், வகுப்பு தொடங்குவதற்குள் தமிழில் தட்டச்சு செய்ய உதவும் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிவிடுங்கள். உயிரெழுத்துகள் இடது கையில், பெரும்பாலான மெய்யெழுத்துகள் வலது கையில். தினம் அரை மணி நேரம் ஒரு செய்தியைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தாலே கை பழகும்.