லெட்: இறகுப்பந்தில் தடையைக் குறிக்கும் சொல்

இறகுப்பந்தில் ஒரு புள்ளிக்கான ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் எதிர்பாராத ஒன்று குறுக்கிட்டு அதைக் கெடுத்துவிட்டால், அதுவரை ஆடியதைக் கணக்கில் கொள்ளாமல், கடைசியாக சர்வீஸ் செய்தவரே மறுபடியும் சர்வீஸ் செய்வதை ‘லெட்’ என்கிறோம். உலக இறகுப்பந்துச் சம்மேளனத்தின் 14ஆம் விதி இதற்கென்றே அமைந்தது. நடுவர் இருக்கும் ஆட்டத்தில் அவரே இதை அறிவிக்க வேண்டும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் ஆடுபவர் அறிவிக்கலாம்.

சேலத்து உள்ளரங்குகளில் ‘லெட்டு’ என்று வழங்கும் இச்சொல்லுக்கு, ‘போகட்டும், விட்டுவிடுவோம்’ என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். அந்தப் பொருள் பிழையானது. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரு வேறு சொற்கள் உள்ளன. விடுதல், அனுமதித்தல் என்னும் பொருளுடையது ஒன்று. ஆட்டத்தில் வருவதோ பழைய ஆங்கிலத்தின் ‘லெட்டன்’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. அதற்குத் தடுத்தல், தாமதப்படுத்தல் என்பது பொருள், ‘லேட்’ என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லும் அதற்கு உறவு. பேச்சு வழக்கிலிருந்து மறைந்துபோன இந்தப் பழைய சொல் சட்ட நடையில் இன்னும் உயிரோடிருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டில், அதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் கேட்டுக்கொள்ளும் ஆங்கில வாசகத்தில் ‘தடை’ என்னும் இடத்தில் இருப்பது இதே ‘லெட்’தான்.

வேர்ப்பொருளை அறிந்தால் விதியின் நோக்கமும் தெளிவாகும். ஏதோ ஒன்று ஆடுகளத்துக்குள் வந்துவிட்டது என்பது மட்டும் போதாது. அது ஆட்டத்தைத் தடுத்ததா என்பதே கேள்வி. அருகருகே பல ஆடுகளங்கள் அமைந்த அரங்குகளில் பக்கத்துக் களத்தின் காக், அதாவது ஆடும் இறகுப்பந்து, உருண்டுவருவது மாலை நேரத்தில் ஓயாத தொல்லை. அதைக் கண்டவுடனே ஆட்டத்தை நிறுத்திவிடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் நடுவர்களுக்கான வழிகாட்டுதல், அப்படி வந்து விழும் காக் தானாகவே லெட் ஆகிவிடாது என்கிறது. ஆடுபவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்றாலோ, அது அவர்களைத் தடுக்கவோ கவனம் சிதறச் செய்யவோ இல்லை என்றாலோ ஆட்டம் தொடர வேண்டும். பின்கோட்டுக்கு அப்பால் ஒரு மூலையில் கிடக்கும் காக் ஒன்றைக் காட்டி, தன் அடி வலையில் பட்ட பிறகு லெட் கேட்பது நியாயமாகாது. காலடியில் உருண்டுவந்தால் நிலைமை வேறு. மிதித்தால் கணுக்கால் பிசகிவிடும் என்பதால், அந்தக் கணமே குரல் கொடுத்து நிறுத்துவதுதான் சரி.

மின்சாரம் போய் அரங்கு இருண்டால் அது ஐயமின்றி லெட். காக்கின் தலைப்பகுதி இறகிலிருந்து முழுதாகப் பிரிந்தாலும், எதிரணிப் பயிற்சியாளர் ஆடுபவரின் கவனத்தைக் கலைத்ததாக நடுவர் கருதினாலும் அப்படியே. மட்டையின் நரம்பு அறுந்தால் லெட் கிடையாது. எதிராளியே வேண்டுமென்று கத்தினாலோ கைகாட்டினாலோ அது தவறு. புள்ளி மற்றவருக்குச் சேரும். டென்னிஸ் பார்த்துப் பழகியவர்கள், சர்வீஸ் வலையை உரசிச் சென்றால் லெட் என்பார்கள். இறகுப்பந்தில் அது உரிய கட்டத்துக்குள் விழுந்தால் செல்லும்.

ஏற்காட்டில் திறந்தவெளியில் வலை கட்டி ஆடுவோருக்குக் காற்றும் மூடுபனியும் தொல்லை. காற்று அங்கே எப்போதும் இருப்பது. ஆடத் தொடங்கும்போதே அறிந்த ஒன்றை எதிர்பாராத தடையாகக் கொள்ள முடியாது என்பது என் கருத்து. பனி திடீரென இறங்கி எதிர்ப்பக்கத்தை மறைத்தால் லெட் கொடுக்கலாம்.

இதற்குத் தமிழில் ‘மறு ஆட்டம்’ என்று எழுதினால் முழுப் போட்டியையும் மறுபடி நடத்துவதாகப் பொருள்படும். ‘இடைநிறுத்தம்’ ஓய்வு வேளையை நினைவூட்டும். ‘இடையூறு’ குறளிலேயே வரும் பழஞ்சொல்; பொருளும் பொருந்தும், எழுத்துக்கு மிகவும் ஏற்றது. ஆயினும் ஆடிக்கொண்டிருக்கும்போதே உரக்கச் சொல்ல வேண்டிய அறிவிப்புக்கு அது நீளம். ‘தடை’ என்பதே வேர்ப்பொருளோடு ஒத்து, ஒரே மூச்சில் ஒலிக்கிறது. ஆட்டத்தை நிறுத்தும் அறிவிப்பைத் ‘தடை’ என்றும், அதையடுத்து வருவதை ‘மறு சர்வீஸ்’ என்றும் வழங்கலாம். எச்சொல்லைச் சொன்னாலும், காக் எங்கே விழுகிறது என்று பார்க்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.