டிஏசி திரையில் எப்போதும் 48 என்றே காட்டுகிறதா?

போன மாதம் நங்கநல்லூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். காலையில் இரண்டு மணி நேரமாவது கச்சேரி கேட்காமல் அவருக்குப் பொழுது விடியாது. இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் தனி, அந்த டிஜிட்டல் எண்களை ஆம்ப்ளிஃபையருக்கான மின்னலையாக மாற்றும் டிஏசி தனி என்று வாங்கி ஆம்ப்ளிஃபையரில் இணைத்திருந்தார். "இவ்வளவு செலவு பண்ணியும் தம்புரா மசமசன்னுதான் கேக்குது சார்" என்றார். டிஏசியின் சின்னத் திரையைப் பார்த்தேன். 48. எந்தப் பாட்டை மாற்றினாலும் அதே 48.

1982-இல் சிடி வந்த நாளிலிருந்து இசைக்கான அடிப்படை அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அதாவது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதுவது. திரையில் தெரிவது இந்தக் கிலோஹெர்ட்ஸ் எண்தான். ஆன்லைனில் கேட்கும் பாடல்களில் பெரும்பாலானவை இன்றும் 44.1தான். 48 என்பது வீடியோவுக்கான கணக்கு. எல்லாமே 48 ஆக வந்தால், வழியில் ஏதோ ஒன்று ஒலியைப் பிரித்து மறுபடி அடுக்குகிறது என்று அர்த்தம். அவர் வீட்டில் அந்த வேலையைச் செய்தது போன். பாட்டைப் போனில் ஓட்டி, ப்ளூடூத்தில் ஸ்ட்ரீமருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் தேவை. எஸ்பிசி என்ற சாதாரண ஒலிச்சுருக்க முறையில் ப்ளூடூத்தில் போவது ஏறத்தாழ 328. வழியிலேயே கழிந்துபோனதை எவ்வளவு விலையுள்ள டிஏசியும் மீட்டுத் தராது. போன் ரிமோட்டாக மட்டும் இருக்கட்டும், பாட்டை ஸ்ட்ரீமரே வைஃபையிலோ லேன் கேபிளிலோ நேரடியாக எடுக்கட்டும். அப்படி மாற்றி, எதையும் கழிக்காத லாஸ்லெஸ் தரத்தைத் தேர்ந்தெடுத்து, ஈக்வலைசரையும், எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வால்யூம் நார்மலைசேஷனையும் அணைத்தேன். திரை 44.1க்கு இறங்கியது.

அடுத்து, ஸ்ட்ரீமரையும் டிஏசியையும் இணைக்கும் ஒயர். யுஎஸ்பி என்றால், அசிங்க்ரனஸ் முறையில் இயங்கும் டிஏசி தன் சொந்தக் கடிகாரத்தின்படி டேட்டாவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஸ்ட்ரீமரின் தாளம் கொஞ்சம் பிசகினாலும் பாதிப்பில்லை. ஆனால் அந்தக் கம்பி வழியாக எர்த் கோளாறும் சேர்ந்து வரலாம். ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று ஹம் கேட்டால் நான் முதலில் ஆப்டிகல் கேபிளுக்கு மாற்றிப் பார்ப்பேன். அதில் போவது வெளிச்சம் மட்டுமே, மின்தொடர்பு கிடையாது. பல கருவிகளில் ஆப்டிகல் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 44.1 கேட்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் டிஜிட்டல் கேபிள்கள் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வால்யூம் குமிழ் இல்லாத பவர் ஆம்பில் டிஏசியை நேராகச் செருகாதீர்கள். பல டிஏசிகள் முழு அளவாக 2 வோல்ட்டை அப்படியே வெளியே விடும். பிளே அழுத்திய நொடியில் உச்ச சத்தம் வெடிக்கும். ட்வீட்டர், அதாவது கீச்சொலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர், கருகிப்போன பெட்டியை நான் கையில் வாங்கியிருக்கிறேன், பக்கத்தில் குழந்தை இருந்திருந்தால் அதன் காது என்னாகியிருக்கும்? ஆம்பில் குமிழ் இருந்தால், ஸ்ட்ரீமரின் வால்யூமை 'ஃபிக்ஸ்டு' ஆக்கிவிட்டு அந்தக் குமிழை மட்டும் பயன்படுத்துங்கள்.

எல்லாம் சரியான பிறகு அவர் கேட்டார்: "ஸ்ட்ரீமருக்குள்ளேயே ஒரு டிஏசி இருக்கே, அதைவிட இது நல்லாத்தானே இருக்கு?" தனி டிஏசியில் சத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது. இரண்டில் எது கொஞ்சம் உரக்க ஒலிக்கிறதோ அதையே நம் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். கடைகளில் ஒப்பிட்டுக் கேட்கும்போதும் இதுதான் நடக்கிறது. 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, இரண்டின் வோல்ட்டேஜையும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தேன். பேரன் மாற்றி மாற்றிப் போட, தாத்தா கண்ணை மூடிக் கேட்டார். பத்துக்கு ஐந்து முறைதான் சரியாகச் சொன்னார்.

அப்படியானால் தனித்தனியாக வாங்குவதில் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்ட்ரீமர் ஒரு குட்டிக் கணினி. செயலி மாறும், அப்டேட் நின்றுபோகும், சில வருஷத்தில் பழசாகிவிடும். நல்ல டிஏசி பத்து வருஷம் தாண்டியும் உழைக்கும். தனியாக இருந்தால் பழசானதை மட்டும் மாற்றலாம். ஸ்ட்ரீமரின் உள் டிஏசியில் இரைச்சல் நிஜமாகவே கேட்டாலும் தனி டிஏசி உதவும். அவர் வாங்கியது வீணில்லை என்று அவரிடமும் சொன்னேன்.

கிளம்புவதற்கு முன் இருவருமாக ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து வைத்தோம். தம்புராவில் மிச்சமிருந்த மசமசப்பு அதோடு போயிற்று.