கூலிக் கணக்கில் ஒளிந்திருக்கும் வெயில்

தெர்மாமீட்டரே இல்லாத காலத்தில் ஒரு கோடை எப்படிக் காய்ந்தது என்று இப்போது தெரிந்துகொள்ள முடியுமா? மர வளையங்களைப் பார்க்கலாம், பனிப்பாறைகளைத் துளைக்கலாம். சுற்றுச்சூழல் வரலாற்றாசிரியர் இன்னொரு வழி வைத்திருக்கிறார்: யாரோ எழுதிவைத்த பழைய கூலிக் கணக்கு.

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் போன் என்று ஒரு சிறு நகரம் (பேசுகிற போன் அல்ல, ஒயினுக்குப் பேர்போன போன்). அங்குள்ள நோத்ர் தாம் தேவாலயம், தன் தோட்டத்தில் திராட்சை பறித்தவர்களுக்கு என்றைக்கு எவ்வளவு கூலி கொடுத்தது என்று எழுதிவைத்தது. கணக்கு எழுதியவருக்கு வெயிலைப் பற்றி அக்கறை இல்லை, காசு இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனாலேயே அந்தத் தேதியை நம்பலாம்.

திராட்சை பழுப்பது பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூலை வரை அடிக்கும் வெயிலைப் பொறுத்தது. மேற்கு ஐரோப்பாவில் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அறுவடை சுமார் 6 நாள் முந்துகிறது. ஆக, அறுவடைத் தேதி தெரிந்தால் வெயில் தெரியும்.

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் தேதியில்தான். பர்கண்டித் தேதிகளைப் பலரும் 19ஆம் நூற்றாண்டு அச்சுப் பட்டியல்களிலிருந்தே எடுத்துவந்தார்கள். அவற்றில் பிழைகள் இருந்தன. வரலாற்றாசிரியர் தோமா லாபே, சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் கிறிஸ்டியன் ஃபிஸ்டர் உள்ளிட்ட குழு மூல ஆவணங்களுக்கே திரும்பிப் போனது. தேவாலயக் கணக்கு, நகர மன்றப் பதிவுகள், அப்புறம் செய்தித்தாள்கள் என்று கோத்து, 1354 முதல் 2018 வரையிலான வரிசையை 2019இல் வெளியிட்டது.

நாட்காட்டியும் சும்மா விடாது. பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு இன்றைய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது, பிரான்சில் 1582இல் டிசம்பர் 9க்கு மறுநாள் டிசம்பர் 20. அதற்கு முந்தைய தேதிகளை இன்றைய கணக்குக்கு மாற்றியாக வேண்டும். 1354க்கு 8 நாள் கூட்ட வேண்டும். இதை மறந்தால், இல்லாத வெயில் ஒன்று முளைத்துவிடும்!

கிடைத்த விடை இது: 1987 வரை அறுவடை சராசரியாக செப்டம்பர் 28 வாக்கில் தொடங்கியது. 1988 முதல் 13 நாள் முந்திவிட்டது. எப்போதோ ஒருமுறை வந்த கொடும் வெயில் ஆண்டு, இப்போது வழக்கமாகிவிட்டது.

ஆனாலும் தேதி சில சமயம் ஏமாற்றும். 1540இல் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் மாதக்கணக்கில் மழையே இல்லை. அவ்வளவு வறட்சியில் கொடி சோர்ந்து, பழுப்பதையே நிறுத்திவிடும். சுவிட்சர்லாந்துப் பக்கம் தோட்டக்காரர்கள் பழம் வதங்குவதைப் பார்த்தபடியே, ஒரு மழை வரட்டும் என்று பறிக்காமல் காத்திருந்தார்கள். அதனால் அறுவடை தள்ளிப்போனது. தேதியை மட்டும் பார்த்தால் அந்த வெயில் உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகத் தெரியும். காத்திருந்த கதை, அக்கால நிகழ்வுகளை ஆண்டுவாரியாக எழுதிவைத்த ஏடுகளைப் புரட்டியவர்களுக்குத்தான் கிடைத்தது.