விசா கேஸுக்கு எந்த வக்கீலைப் பார்ப்பது?

"அமெரிக்கா விசாவையும் நீங்களே பார்த்துக் குடுத்துடுங்க வக்கீலய்யா" என்று கோபிசெட்டிபாளையம், பெருந்துறைப் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. நான் கோவையில் தொழில் செய்கிறேன். என் உரிமம் இந்தியச் சட்டத்துக்கு. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்கு அந்த நாட்டு உரிமம் உள்ளவரைத்தான் பிடிக்க வேண்டும் என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. ஆனால் எந்த நாட்டு உரிமமும் இல்லாத ஏஜென்ட்டிடம், காட்டை அடமானம் வைத்த பணத்தைக் கொடுக்க யாரும் தயங்குவதில்லை.

உரிமத்தைச் சரிபார்ப்பது லேசான வேலை. அமெரிக்க வக்கீல் என்றால் ஏதாவது ஒரு மாநிலத்தில் வக்கீலாகப் பதிவு இருக்கும்; அந்தப் பதிவை வைத்திருக்கும் அமைப்பின் இணையதளத்தில் பேரைத் தட்டிப் பார்க்கலாம். குடியேற்றம் மத்திய அரசுச் சட்டம் என்பதால், பையன் டெக்சாஸில் இருந்தாலும் நியூ ஜெர்சி வக்கீல் கேஸைப் பார்க்க முடியும். கனடாவில் வக்கீல்களோடு, உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர்களும் உண்டு. அவர்கள் பட்டியலும் இணையத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரேலிய ஏஜென்ட் என்றால் 7 இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

அடுத்து, அவர் பேர் விண்ணப்பத்தில் வருமா என்று கேளுங்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறையில் வக்கீல் ஆஜராவதற்கு ஜி-28 என்ற படிவம். கனடாவில் ஐஎம்எம் 5476. "எங்க பேரெல்லாம் வேண்டாமுங்க, பின்னாடி இருந்து முடிச்சுக் குடுத்துடறோம்" என்கிறவரிடம் அதற்கு மேல் பேச எதுவுமில்லை. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்றே ஒரு கேள்வி இருக்கிறது. ஏஜென்ட் நிரப்பிவிட்டு "இல்லை" என்று போட்டால், அந்தப் பொய் உங்கள் கணக்கில்தான் ஏறும். முக்கியமான விஷயத்தில் பொய் என்று முடிவானால் அமெரிக்காவில் தடைக்குக் காலக்கெடுவே இல்லை. விலக்குக் கேட்கலாம், கிடைப்பது கஷ்டம். கனடாவில் 5 ஆண்டு. ஏஜென்ட் கொடுத்த போலி அட்மிஷன் கடிதத்தோடு கனடா போன பஞ்சாப் மாணவர்கள் பலர், அங்கே படித்து முடித்த பிறகு 2023-இல் நாடு கடத்தல் நோட்டீஸோடு நின்றார்கள்.

அமெரிக்க விசிட்டர் விசா, மாணவர் விசா அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில் மறுக்கப்பட்டால் அப்பீல் கிடையாது. கட்டிய பணம் திரும்பாது. புதிதாக விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். "அப்பீலுக்கு ரெண்டு லட்சம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவுக்கு மனுப் போடுவது வேலை கொடுக்கும் கம்பெனி. ஆண்டுக்கு 85,000 என்று பொது வரம்பு இருக்கிறது. அதில் ஒரு இடத்தை விலைக்கு வாங்கித் தர யாராலும் முடியாது. அந்த விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த நேரத்தில் கம்பெனி வக்கீலையே நம்பியிராமல் தனியாக ஒருவரிடம் கேட்பது நல்லது. கம்பெனி வைத்த வக்கீல் முதலில் கம்பெனியின் நலனைத்தானே பார்ப்பார்.

உள்ளூர் வக்கீலுக்கு வேலை இருப்பது காகிதங்களில். கிரீன் கார்டு வரைக்கும் போய்விட்டுப் பிறப்புச் சான்றிதழுக்கு ஓடி வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். எடுத்துப் பார்த்தால் குழந்தையின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இருக்காது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்தநாள் ஒன்று, ஆஸ்பத்திரிக் கணக்கு வேறொன்று. டிசியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பேர் விரிந்து குடும்பப் பேராக நிற்கும். பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்று உள்ளாட்சி அலுவலகத்தில் சான்று வாங்கி, பள்ளி ஆவணத்தையும் பெரியவர்களின் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்க வழியுண்டு. கல்யாணமும் அப்படித்தான். சீர் குறையாமல் மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டிருப்பார்கள், பதிவு மட்டும் செய்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். மனைவிக்கு விசா எடுக்கும்போது ஆல்பம் மட்டும் போதாது.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்கள் ஏஜென்ட்டின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

வெளிநாட்டு வக்கீலிடம் வீடியோவில் பேசுவதற்கே கட்டணம் வாங்குவார்கள், அதில் தப்பில்லை. எந்தத் தேதியில் எந்த விசா, எங்கே மறுப்பு என்று ஒரே தாளில் வரிசையாக எழுதி, மறுப்புக் கடிதத்தின் நகலோடு முதல் நாளே அனுப்பிவிடுங்கள். கட்டணத்தையும் அதற்குள் அடங்கும் வேலையையும் எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.