திங்கட்கிழமைக் காலை வயிற்று வலி

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வரும் வயிற்று வலிக்குக் காவிரி டெல்டா வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் எப்போதும் தயார். "நடிக்கிறான்" என்பது ஒன்று. "பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு, மந்திரிச்சு ஒரு கயிறு கட்டிட்டு வாங்க" என்பது இன்னொன்று. முதல் தீர்ப்பு பெரும்பாலும் அப்பாவுடையது, இரண்டாவது அப்பாயியுடையது. என்னைக் கேட்டால் அப்பாயிதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

அந்த வலி நிஜம். 1958-இல் ஜான் ஏப்ளி என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாவும் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்கு அன்றாட வேலை கெடும் அளவுக்கு வயிற்று வலி மாதக்கணக்கில் வந்து வந்து போனது. அவர்களில் பெரும்பாலோருக்குக் குடலில் எந்த நோயும் இல்லை. அந்தப் பிள்ளைகள் கையை வைத்துக் காட்டிய இடம் அநேகமாகத் தொப்புள்தான். வலி தொப்புளை விட்டுத் தள்ளிப் போகப் போக உறுப்பில் கோளாறு இருக்கும் வாய்ப்பு கூடும் என்று ஏப்ளி சொன்னதைக் குழந்தை மருத்துவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நோயே இல்லாத குடல் எப்படி வலிக்கும்? வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும், பக்கத்து பெஞ்சுக்காரன் கிள்ளுவான், டீச்சர் மாறிவிட்டார் என்று ஏதோ ஒன்று மனத்தில் ஓடுகிறது. மூளைக்குள் அமிக்டலா என்ற சின்னப் பகுதி இதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த சில நொடிகளில் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கலக்கிறது. சில நிமிடம் கழித்து கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு தயாராகிறது. அதற்குக் கை கால் தசைகளுக்கு ரத்தம் அதிகமாக வேண்டும். மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து ஒரு வாய்க்காலை அடைத்து இன்னொன்றைத் திறப்பதில்லையா, அப்படிக் குடலுக்குப் போகும் பங்கு அந்த நேரத்துக்குக் குறைக்கப்படுகிறது. இரைப்பை மெதுவாகிறது, அதனால் குமட்டல். பெருங்குடலோ வேகம் எடுக்கிறது. செருப்பு மாட்டும் நேரத்தில் சரியாகக் கக்கூஸுக்கு ஓடுவது அதனால்தான்.

இதோடு போவதில்லை. குடல் சுவரில் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் பெரும்பகுதி இழைகள் கீழிருந்து மேலே செய்தி சொல்பவை. பதற்றத்தில் இருக்கும் மூளை அந்தச் செய்திகளை உரக்கக் கேட்கிறது. சாதாரண நாளில் தெரியவே தெரியாத ஒரு வாயு நகர்வுகூட அன்றைக்கு வலியாகத் தெரியும். "பத்து மணிக்கெல்லாம் விளையாடப் போயிட்டானே" என்பது அப்பாவின் பலமான சாட்சியம். பள்ளிக்கூட ஆட்டோ போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது, வலியும் போய்விட்டது. அவ்வளவுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல்: வீட்டில் இருந்தால் நிம்மதி என்று மூளை ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. மறுநாள் வலி முன்னைவிடச் சீக்கிரம் வரும். அதனால் அரை நாளானாலும் அனுப்பிவிடுவதே நல்லது. திட்டி இழுத்துக்கொண்டு போகாமல்.

சரி, வாசலில் என்ன செய்வது? இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒன்று, அம்மாவின் முந்தானையை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. "டீச்சர், தினமும் இதே ரோதனையா இருக்கு." விவரம் தெரிந்த டீச்சர் "ஏன் அழுவுற?" என்று கேட்பதில்லை. ஆறு வயதில் "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. காரணம் யோசிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர இருபது வயதைத் தாண்ட வேண்டும். அவர் குனிந்து, "எங்க வலிக்குது, காட்டு. வீட்டுல கிளம்புறப்ப வலிச்சுதா, கேட்டைப் பார்த்தப்பவா?" என்று கேட்கிறார். அப்புறம் சாக்பீஸ் டப்பாவைக் கையில் கொடுத்து, "வா, போர்டுல தேதி எழுதலாம்" என்கிறார். முந்தானையை விட்டால்தான் டப்பாவைப் பிடிக்க முடியும்.

அந்த நேரத்தில் பாப்பா கவனிப்பது டீச்சரின் முகத்தைத்தான். 1985-இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடித் தளத்தின் மேல் தவழவிட்டார்கள். நடுவில் பள்ளம் இருப்பதுபோல் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா. அம்மா சிரித்தால் பெரும்பாலான குழந்தைகள் கடந்து வந்தன. பயந்த முகம் காட்டியபோது ஒன்றுகூட வரவில்லை. பள்ளம் ஆபத்தா என்பதைக் குழந்தைகள் அம்மா முகத்தில்தான் படித்தன.

வேதாரண்யம் பக்கம் இதை எனக்குப் புரியவைத்தது ஒன்று உண்டு. கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. இன்றைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்குப் பிறக்கவே இல்லை. ஆனாலும் ஐப்பசியில் காற்று ஊளையிட்டால் சில பிள்ளைகள் முடங்கிக்கொள்கிறார்கள். தென்னந்தோப்பைப் பறிகொடுத்த தாத்தா ஒவ்வொரு காற்றுக்கும் எழுந்து வெளியே போய்ப் பார்க்கிறார் இல்லையா, அந்த முகத்திலிருந்து ஒட்டிக்கொண்ட பயம் அது. மழை லீவு முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள், வழக்கமான பாட்டு, வழக்கமான வரிசை, வழக்கமான இடம் என்று மாறாமல் ஆரம்பிப்பது பாடத்தைவிட முக்கியம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் அமிக்டலாவுக்கு வேலை குறைவு.

பயத்தோடு பசியும் கலந்துவிடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. பெரியவர்களுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. நடவுக் காலத்தில் அம்மா இருட்டோடு வயலுக்குப் போன வீட்டில், பிள்ளை டீத்தண்ணியோடு கிளம்பியிருக்கும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அதை ஏற்றவும் உடம்பு அதே அட்ரினலினைத்தான் கூப்பிடும். கை நடுக்கம், எரிச்சல், அழுகை எல்லாம் பயத்தின் அறிகுறிகளேதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-இல் நாகை மாவட்டத் திருக்குவளையில் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது, எல்லாரும் சத்தைப் பற்றித்தான் பேசினார்கள். என் கணக்கில் அது மனநலத் திட்டமும்கூட.

அந்தப் பந்தியில் இன்னொரு நல்லதும் நடக்கிறது. பொங்கல் சுடுகிறது, பிள்ளைகள் ஊதி ஊதித் தின்கிறார்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். நீளமாக ஊத ஊதத் துடிப்பு இறங்கும். "கண்ணை மூடித் தியானம் பண்ணு" என்றால் ஒன்றாம் வகுப்பு கிண்டலடிக்கும். "ஆற ஊதித் தின்னு" என்றால் கேட்கும்.

இவ்வளவும் யார் செய்வது என்றால், டீச்சர்தான். பல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர், பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவும் அவர் தலையில். காலைப் பத்து நிமிடம் வாசலில் நிற்க அவர்களை விட்டுவைக்க வேண்டும். அடி, மிரட்டல் இரண்டையும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. அதைச் சட்டமாகப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, பிரம்பைப் பார்த்தாலே குடலுக்கு ரத்தம் குறைகிறது என்றாவது பார்க்கலாம்.

கயிறு கட்டுவதானால் கட்டுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் வலி பிள்ளையை நடு ராத்திரி எழுப்பினால், எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், காய்ச்சலோ விடாத வாந்தியோ இருந்தால், வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் வாரக்கணக்கில் பள்ளிக்குப் போக மறுத்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம். யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098.